பூம்புகார் முதல் தலைக்காவிரி வரை: வாடகைக் கார்ல அப்பாவக் கூட்டிப் போகணும், வழி சொல்லுங்க

கடைமடைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு பூம்புகார் பக்கம். காவிரியில தண்ணி வந்தா எல்லா ஊருக்கும் பாஞ்சு கடைசியா எங்க வாய்க்காலுக்குத்தான் வரும். அப்பாவுக்கு 71 வயசு. பத்து மா நெலம், இன்னும் அவரேதான் வரப்புல நிக்கிறாரு. காலையில பேப்பர் வந்ததும் முதல்ல பாக்குறது மேட்டூர் நீர்மட்டம். எனக்கு எண்ணு வாசிக்கச் சொல்லிக் குடுத்ததே அந்தக் கட்டத்த வச்சுத்தான். ஆனா ஆத்தோட மேல கல்லணையத் தாண்டி அவரு போனதே இல்ல. போன வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டாரு, "தண்ணி கெளம்புற எடத்த ஒருதடவ பாத்துட்டு வந்துடலாமாம்மா?" கேட்டதும் செலவ நெனச்சு அவரே பேச்ச மாத்திட்டாரு. நான் விடுறதா இல்ல.

கடல்ல கலக்குற எடத்துலேர்ந்து கெளம்பி முடிஞ்சவரைக்கும் ஆத்தங்கரையோடவே போகணும். அப்பா, அம்மா, நான், காலேஜ் படிக்கிற அண்ணன் பையன். ஓட்டப்போறது நான். லைசென்ஸ் எடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு, கொல்லிமலை ஏறி எறங்கியிருக்கேன். எங்க வண்டி 2010 மாடல், அத நம்பி குடகுக்குப் போக முடியாது. பக்கத்து ஊர்ல ஒருத்தர் அவரோட சொந்த ஏழு சீட் வண்டிய நாளைக்கு 1,800 ரூபாய்க்குத் தர்றேங்குறாரு. வெள்ளை போர்டு. "செக்போஸ்ட்ல கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிக்குங்க"ன்னாரு. அது எனக்கு மனசுல ஒட்டல.

ஐப்பசி ஒண்ணாந்தேதி, துலா சங்கிரமணத்தன்னிக்குத் தலைக்காவிரியில இருக்கணும்னு ஆசை. அங்க தீர்த்தம் பொங்குறதப் பாத்துட்டு, ஐப்பசி கடைசியில மாயவரம் கடைமுகத்துல முழுகினா அப்பாவுக்கு நிறைவா இருக்கும். வண்டி, தேதி, தமிழ்நாட்டு நம்பரோட கர்நாடகா போறது, மூணுக்கும் அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மஞ்சபோர்டு:

தங்கச்சி, நான் நாகப்பட்டினத்துல 22 வருஷமா டாக்சி ஓட்டுறேன். மத்தது அப்பறம், முதல்ல அந்த வெள்ளை போர்டு வண்டிய வேணாம்னு சொல்லிடு.

வெள்ளை போர்டுன்னா சொந்த உபயோகம். அதுல காசு வாங்குனா பர்மிட் இல்லாம வாடகைக்கு விட்ட கணக்கு. மஞ்ச போர்டுல கறுப்பு எழுத்துன்னா டிரைவரோட வர்ற டாக்சி. கறுப்பு போர்டுல மஞ்ச எழுத்து இருந்தா அதுதான் நாமளே ஓட்டிக்கிற வாடகை வண்டி. உனக்கு வேண்டியது அந்தக் கறுப்பு போர்டு. அதுலயும் ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கான்னு கேளு. இருந்தா கர்நாடகா எல்லைல தனியா வரி கட்டுற வேல இல்ல. தமிழ்நாட்டுக்கு மட்டும் பர்மிட்னா எல்லை தாண்டுறதுக்கு முன்னாடியே பரிவாகன் தளத்துல தற்காலிக பர்மிட்டும் வரியும் கட்டி ரசீதக் கையில வச்சிருக்கணும்.

எல்லைங்கிறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. மாயவரத்துலேர்ந்து தரங்கம்பாடி வழியா நாகப்பட்டினம் வரணும்னா நடுவுல காரைக்கால தாண்டித்தான் வரணும், அது புதுச்சேரி. தினம் வேலைக்குப் போறவன் எல்லைய நெனக்கிறதே இல்ல, ஆனா வாடகை வண்டிக்கு அதுவும் இன்னொரு எல்லைதான். பர்மிட் இல்லாம அங்கயே மாட்டி நின்னவங்கள நான் பாத்திருக்கேன்.

கடைமடைப்பொண்ணு:

நன்றிண்ணே. மாட்டாத வரைக்கும் பிரச்சனை இல்லன்னு அந்த வெள்ளை போர்டு வண்டிக்காரர் சொல்றாரு. மாட்டுனா அபராதத்தோட போயிடுமா?

திருவாரூர்_தேர்:

அபராதத்தோட போகாது அக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நண்பன் கல்யாணத்துக்கு இதே மாதிரி வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு எடுத்தோம். கரூர் தாண்டி மழையில சறுக்கி சென்டர் மீடியன்ல ஏறிட்டு. யாருக்கும் அடி இல்ல, அது கடவுள் புண்ணியம். வண்டிக்கு முன்பக்கம் முழுசும் போச்சு. சர்வேயர் வந்து கேட்ட முதல் கேள்வியே "வண்டிக்கு நீங்க யாரு?" வாடகைன்னு தெரிஞ்சதும் கிளைம் நின்னுபோச்சு. வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு பாலிசியிலயே எழுதியிருக்கு, நாங்க யாரும் படிக்கல. வண்டிக்காரர் எங்க நாலு பேர்கிட்டயும் பிரிச்சு வாங்கினாரு. நான் நகைய அடகு வச்சுக் குடுத்தேன். இன்னும் மீட்கல.

மஞ்சபோர்டு:

தம்பி சொல்றது வண்டிக்கு ஆன சேதம். எதுத்தாப்புல வந்தவங்களுக்கு அடிபட்டா இன்னும் பெருசு. கோர்ட்டு சொன்னா இன்சூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குக் கட்டிட்டு, பின்னாடி ஓனர்கிட்ட வசூல் பண்ணும். ஓனர் உன்னத் தேடி வருவான். அதோட செக்போஸ்ட்ல சொந்தக்காரங்கன்னு ஒரு பொய்ய உங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்கும்போது சொல்லணும். அவருக்கு அது புடிக்குமா?

கடைமடைப்பொண்ணு:

புடிக்காது. வெள்ளை போர்டு வேணாம்னு இப்பவே போன்ல சொல்லிட்டேன்.

மைசூர்ல_மாயவரத்தான்:

நான் மைசூர்ல பதினோரு வருஷமா இருக்கேன், பூர்வீகம் குத்தாலம். ஒரு யோசனை. நம்ம மாயவரம் வழியா மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கு. சாயங்காலம் ஏறினா காலையில மைசூர். பெரியவங்க ராத்திரி படுத்துத் தூங்கிடுவாங்க. இங்க கர்நாடகா நம்பர் வாடகைக் கார எடுத்துக்கிட்டா எல்லையும் இல்ல, பர்மிட்டும் இல்ல. மூணு நாள்ல குடகு பாத்துட்டுத் திரும்பிடலாம், செலவு பாதி.

கடைமடைப்பொண்ணு:

யோசிச்சேன் அண்ணா, அப்பாகிட்டயும் சொன்னேன். "ராத்திரி ரயில்ல தூங்கிட்டுப் போயி எறங்கினா ஆறு எங்கேர்ந்து எங்க வருதுன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டாரு. எனக்குப் பதில் இல்ல.

நடவுகாரன்:

தங்கச்சி, ரயிலா காரான்னு அப்பறம் பேசு. ஐப்பசில உங்கப்பா வரமாட்டாரு.

பத்து மா வச்சிருக்கவருக்கு ஐப்பசின்னா என்னன்னு யோசிச்சுப் பாரு. ஒருபக்கம் குறுவைய அறுத்துத் தாளடிக்கு ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, இன்னொரு பக்கம் சம்பா நட்டு மேலுரம் போடுற நேரம். வடகிழக்கு மழை எறங்கிட்டா கடைமடையில வயல்ல நிக்கிற தண்ணிய வடிக்க ராத்திரி டார்ச்ச எடுத்துக்கிட்டு ஓடணும். நானே போன வருஷம் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போகாம மடையில நின்னேன். அவர இழுத்துக்கிட்டுப் போனா உடம்பு குடகுல இருக்கும், உசுரு வயல்ல இருக்கும். தை அறுவடை முடிஞ்சு வைக்கோல் போர் போட்டப்பறம் கூட்டிப் போ.

குடகுமிளகு:

நடவுகாரர் சொல்வதை மலைப்பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். குடகில் காப்பித் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் கணக்கெழுதினேன். ஆனியிலிருந்து ஆவணி வரை அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம். நம் ஊரில் ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி படைக்கும் நேரம்தான் அங்கே மழை உச்சத்தில் இருக்கும். 2018 ஆகஸ்டில் மடிகேரியைச் சுற்றி மலை சரிந்து ஊர்களே போயின. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியிலேயே பிரம்மகிரி சரிந்து அர்ச்சகர் குடும்பத்தார் மண்ணுக்குள் போனார்கள். அந்த வாரம் நான் மடிகேரியில் இருந்தேன், மின்சாரம் இல்லை, சாலை இல்லை. எனக்கு அதைப் பற்றி மேலே எழுத வரவில்லை.

துலா சங்கிரமணம் நல்ல நாள்தான். ஆனால் குண்டிகை என்கிற அந்தச் சிறு ஊற்றைச் சுற்றி அன்று பல்லாயிரம் பேர் இருப்பார்கள். தீர்த்தம் பொங்கும் நேரம் வருடத்துக்கு வருடம் மாறும், நடுராத்திரியாகவும் இருக்கலாம். முட்டி வலிக்கிற பெரியவர் குளிரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். மாசியில் போனால் ஊற்றின் முன்னால் நிம்மதியாக உட்காரலாம். ஒன்று மட்டும் தெரிந்து போங்கள்: மாசியில் அருவிகள் மெலிந்திருக்கும், காவிரியில் சேரும் ஹாரங்கி ஆறும் சோர்ந்திருக்கும்.

நீர்வளத்துறை_ஓய்வு:

மாசி என்றால் இன்னொன்றையும் அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆகவே நீங்கள் கிளம்பும்போது மாயவரத்திலும் கும்பகோணத்திலும் ஆறு மணலாகத்தான் கிடக்கும்.

அது குறையல்ல என்பது என் எண்ணம். ஆறு நிறைந்து ஓடும்போது கட்டுமானம் கண்ணில் படாது. வறண்டிருக்கும்போதுதான் கல்லணையில் எப்படிப் பிரிகிறது என்பது விளங்கும்: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிச்சம் கொள்ளிடம். நம் பக்கம் புது ஆறு என்று சொல்லும் அந்தக் கால்வாய் மேட்டூர் கட்டிய காலத்தில், 1934-இல் வந்தது. அதனால்தான் இன்றும் அது புது ஆறு. அதற்கு மேலே முக்கொம்பில் நில்லுங்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குச் சரிந்து போய்க் கடைமடை காய்ந்துவிடாமல் இருக்கத்தான் அதைக் கட்டினார்கள். உங்கள் அப்பாவின் பத்து மாவும் அதில் அடக்கம். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடப் பக்கம் ஒன்பது கண் உடைந்து போயிற்று. மணல் மூட்டை அடுக்கிய இடத்தில் நானும் நின்றேன். இப்போது பக்கத்திலேயே புதுக் கதவணை இருக்கிறது.

பவானிக்கூடல்:

அக்கா, ஆத்தங்கரையோடவே போகணும்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு ரொம்ப சந்தோசமாப் போச்சு. நான் ஈரோட்டுக்காரன், இந்த வழி பூரா பைக்குல வந்திருக்கறனுங்க. ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

தஞ்சாவூர்லருந்து நாலுவழிச் சாலையில திருச்சி போயிடாதீங்க. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வழியா கல்லணைக்கு வந்தா ஆறு கூடவே வரும். முக்கொம்பு தாண்டினா பெட்டவாய்த்தலை, குளித்தலை, மாயனூர், கரூர். ஒருபக்கம் வாழை, வெத்திலக் கொடிக்கால், மறுபக்கம் ஆறு. மாயனூர் கதவணையில மாசியிலயும் தண்ணி நிக்கும். அங்கருந்து கொடுமுடி. கோயில் படியிலேயே எறங்கிக் கால் நனைக்கலாம். அம்மாவுக்கு முட்டிவலின்னா மொத நாள் ராத்திரி ஈரோட்டுலயோ பவானியிலயோ தங்கிக்குங்க, அதுக்கு மேல இழுக்காதீங்க.

ரெண்டாம் நாள் காலையில கூடுதுறை, அப்பறம் மேட்டூர். அணையோட முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.ன்னு அப்பாவுக்கு நாம சொல்ல வேண்டியதில்லைங்க, அவரே சொல்லுவாரு. ஆனா 16 கண் மதகு முன்னாடி அவர நிறுத்திப் பாருங்க. வெள்ளச் செய்தியில பேரு மட்டும் கேட்டதுதானே.

மேட்டூர்லருந்து கொளத்தூர் வழியா பாலாறு. அதுதான் எல்லை. பழைய ஆளுங்க பாலாறுன்னா 1993ல வீரப்பன் வச்ச கண்ணிவெடியத்தான் நெனப்பாங்க, அம்மா பயந்தா அதெல்லாம் முடிஞ்சு போன காலம்னு சொல்லுங்க. இப்ப அங்க பயப்பட வேண்டியது யானைக்கும் இருட்டுக்குந்தான். மத்தியானத்துக்குள்ள தாண்டிடுங்க. நடுக்காட்டுல வண்டிய நிறுத்திப் போட்டோ எடுக்கற வேல வேண்டாம். மேல ஏறினா மாதேஸ்வரன் மலை, அப்பறம் ஹனூர், கொள்ளேகால். மகா சிவராத்திரி எப்பன்னு பாத்துட்டுக் கெளம்புங்க! அந்த வாரம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே வர்ற கூட்டத்துல ரோடு அடஞ்சு போயிரும்.

கொள்ளேகால் தாண்டி சிவனசமுத்திரம். 1902லயே அங்க நீர்மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பியிருக்காங்க. அப்பறம் தலைக்காடு, மணல் மூடின கோயில்கள். சோழர் காலத்துல அதுக்கு ராஜராஜபுரம்னு பேரு. தஞ்சாவூர்க்காரங்க பாக்காம வரக்கூடாதுங்க.

கடைமடைப்பொண்ணு:

இத அப்படியே அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்தத் தம்பிய எனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாரு. ஆத்தப் பத்தி இப்படிப் பேசுறவரு சொந்தக்காரராத்தான் இருக்கணும்னு நெனச்சிருக்காரு.

தேதி மாசிக்கு மாத்தியாச்சு. அடுத்த பயம் தமிழ்நாட்டு நம்பர். 2016ல பெங்களூர்ல பஸ்ஸெல்லாம் எரிஞ்சத டி.வி.யில பாத்ததுலேர்ந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் போறதுன்னாலே நடுக்கம்.

கும்மோணம்_டிகிரி:

அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு. 91ல எங்க சித்தப்பா குடும்பம் பெங்களூர்லேர்ந்து ராத்திரியோட ராத்திரியா வந்து சேந்தது. தமிழ்நாட்டு நம்பரோட மண்டியா பக்கம் போறத நான் தவிர்ப்பேன்.

மைசூர்ல_மாயவரத்தான்:

91ஐயும் 2016ஐயும் யாரும் மறக்கச் சொல்லல. ஆனா பிரச்சனை எப்ப வரும்னு பாருங்க. தென்மேற்கு மழை பொய்ச்சு, ஆகஸ்ட் செப்டம்பர்ல தண்ணி திறக்கச் சொல்லி உத்தரவு வரும்போது. 2023லயும் செப்டம்பர் கடைசியிலதான் பந்த். மாசியில ரெண்டு பக்கமும் காவிரி ஆணையக் கூட்டத்தப் பத்திப் பேச்சு அடங்கியிருக்கும். கெளம்புறதுக்கு முந்தின நாளும், மைசூர் தாண்டுற நாளும் செய்தி பாத்துக்குங்க. பந்த் அறிவிச்சா அன்னிக்கு எங்கயும் நகராதீங்க. எங்க வீடு இருக்கு, வந்து தங்கிக்கலாம்.

இன்னொண்ணு சொல்லணும், ரொம்ப நாளா மனசுல இருக்கு. மண்டியாவுலயும் கடைமடை உண்டு. கே.ஆர்.எஸ். அணையிலேர்ந்து வர்ற விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ல மத்தூர், மளவள்ளி பக்கத்துக் கடைசி ஊருக்குத் தண்ணி வராம அங்கயும் விவசாயி மடையில காத்துக்கிட்டு நிக்கிறாரு. எங்க ஆபீஸ்ல கூட வேல பாக்குறவரோட அப்பா அதுல ஒருத்தர். அவரு வீட்ல நான் முத்தே சாப்பிட்டிருக்கேன். களியத்தான் அங்க அப்படிச் சொல்றாங்க. எங்க ஊரு பேரச் சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வி, "உங்க பக்கம் இந்த வருஷம் ஒரு போகமாவது எடுத்தாங்களா?"

கடைமடைப்பொண்ணு:

அப்பாவுக்கு அவர பாக்கணுமாம்.

கறுப்புபோர்டு_திருச்சி:

நான் திருச்சியில வாடகைக் கார் கம்பெனி ஒண்ணுல வண்டி ஒப்படைக்கிற வேல பாக்குறேன். கம்பெனி பேரு வேணாம். எந்தக் கம்பெனியில எடுத்தாலும் இதெல்லாம் பாருங்க மேடம்.

கர்நாடகா போறோம்னு பதிவு பண்ணும்போதே எழுத்துல சொல்லிடுங்க. சொல்லாம எல்லை தாண்டினா ஒப்பந்தத்த மீறின கணக்கு, நடுவழியில வண்டி நின்னா உதவிக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க. வண்டியில ஜி.பி.எஸ். இருக்கு, எங்க போறீங்கன்னு எங்களுக்குத் தெரியும். ரெண்டாவது ஓட்டுநரா அண்ணன் மகன் பேரச் சேக்கணும்னா அவரு லைசென்ஸையும் இப்பவே குடுங்க. பேர் சேக்காம ஒரு பத்து கிலோமீட்டர் அவரு ஓட்டி இடிச்சாலும் இன்சூரன்ஸ் கையவிட்டுடும்.

ஒருநாளைக்கு எத்தன கிலோமீட்டர்னு கேளுங்க. நீங்க சொல்ற வழியில போக மட்டும் எப்படியும் 700க்கு மேல வரும். சுத்திப் பாக்குறதையும் சேத்துப் போகவர 1,500ன்னு வச்சுக்குங்க. ஆறேழு நாளைக்கு எடுத்தா அளவுக்குள்ள அடங்கிடும், நாலு நாள்ல முடிக்கப் பாத்தா மிச்ச கிலோமீட்டருக்குத் தனிக்காசு. ஃபாஸ்டேக் வண்டியோடது, பிடிச்ச காச கடைசியில முன்பணத்துல கழிப்பாங்க, அந்தப் பட்டியலக் கேட்டு வாங்குங்க.

வண்டிய எடுக்கும்போது வெளிச்சத்துல சுத்திவந்து வீடியோ எடுங்க: நாலு பக்கம், கண்ணாடி, டயர் ஓரம், உள்ள சீட்டு, பெட்ரோல் முள்ளு, ஓடின கிலோமீட்டர். ஸ்டெப்னிய வெளிய எடுத்துக் காத்து இருக்கான்னு பாருங்க. ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கான்னு பாருங்க. எங்க ஆளுங்களே அவசரத்துல இத விட்டுடுவாங்க. ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று அஞ்சும் காகிதத்துலயும் இருக்கணும். போன்ல டிஜிலாக்கர்ல இருந்தாலும் செல்லும், ஆனா பாலாறு காட்டுல சிக்னல் கிடைக்கும்னு நம்ப முடியாது.

பவானிக்கூடல்:

திரும்பும்போது சாம்ராஜ்நகர், திம்பம் வழியா வர்றதா இருந்தா 27 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி 9லருந்து காலையில 6 வரைக்கும் கார் விடமாட்டாங்க. பந்திப்பூர் வழியும் அதே நேரம்தான் மூடுவாங்க. ஊட்டி சுத்தணும்னு பையன் கேட்டான்னா இ-பாஸ் எடுத்துக்குங்க, 2024 மே மாசத்துலருந்து அது இல்லாம உள்ள விடறதில்ல.

கடைமடைப்பொண்ணு:

(மாசிக் கடைசியில் எழுதியது)

போயிட்டு வந்துட்டோம். ஆறு ராத்திரி, ஏழு நாள். யாருக்கும் ஒரு தலவலிகூட இல்ல. கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கு.

திருச்சியில கறுப்பு போர்டு வண்டி எடுத்தேன். முந்தின நாளே ஊருக்குக் கொண்டாந்து, விடியக்காலையில பூம்புகார் கடற்கரையிலேர்ந்து கெளம்பினோம். கும்பகோணத்துல ஆத்துக்குள்ள பையங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. கல்லணையில எறங்கி ஒரு மணிநேரம் நடந்தாரு, நீர்வளத்துறை ஐயா சொன்ன மாதிரி நாலு தலைப்பையும் தனித்தனியாக் காட்டி அண்ணன் பையனுக்குப் பாடம் எடுத்தாரு. மாயனூர்ல தண்ணியப் பாத்ததும் சட்டைய மடிச்சுவிட்டு எறங்கி முகம் கழுவினாரு. ஆறு கீழேர்ந்து மேல போகப்போக நிறையிறத அவரு அன்னிக்குத்தான் பாக்குறாரு. மேட்டூர்ல 16 கண் மதகு முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா எண்ணினாரு.

பாலாறு செக்போஸ்ட்ல ஆர்.சி., பர்மிட், என் லைசென்ஸ் கேட்டாங்க. பத்து நிமிஷம். பொய் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. ஹனூர்கிட்ட பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியில காத்து இருந்துது, ஏன்னா திருச்சியில வெளிய எடுத்துப் பாத்தப்ப அது சப்பையாக் கெடந்து, அங்கயே அடிக்க வச்சிருந்தேன். கறுப்புபோர்டு அண்ணனுக்கு அந்த நேரத்துல கும்பிடு போட்டேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துல ஆதிரங்கனைப் பாத்தோம். நம்ம திருச்சி அரங்கனுக்கு மூத்தவரு. அங்கேர்ந்து மாயவரத்தான் அண்ணா எங்கள மளவள்ளிப் பக்கம் அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப் போனாரு. அப்பா தை அறுவடையில எடுத்த சி.ஆர். 1009 நெல்லு ரெண்டு கைப்பிடி துண்டுல முடிஞ்சு கொண்டாந்திருந்தாரு, எங்ககிட்ட சொல்லவே இல்ல. அதுல பாதிய அவருகிட்ட நீட்டினாரு. அவரு ஒரு நெல்ல உரிச்சுப் பல்லுல கடிச்சுப் பாத்தாரு. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. மூட்டைக் கணக்கு, உர வெல, கூலி எல்லாம் விரல்லயே பேசிக்கிட்டாங்க. கெளம்பும்போது அவரு ஒரு பை நிறைய அச்சு வெல்லம் குடுத்தாரு. அம்மாதான் அத மடியில வச்சுக்கிட்டு மடிகேரி வரைக்கும் வந்தாங்க.

பாகமண்டலத்துல கூடுதுறையில முழுகிட்டு மேல போனோம். குடகுமிளகு ஐயா சொன்னபடி கூட்டமே இல்ல. குண்டிகை நம்ம வீட்டுத் துளசி மாடத்தவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அப்பா முன்னாடி உக்காந்துட்டாரு. அர்ச்சகர் தீர்த்தம் குடுத்தாரு. மிச்ச நெல்ல வாங்கி சன்னிதியில வச்சாரு. அப்பறம் அப்பா என்கிட்ட கேட்டது இது: "இங்க பெய்யிற மழை கே.ஆர்.எஸ்.ஸுக்குப் போக எத்தன நாளு? அங்கேர்ந்து மேட்டூரு, மேட்டூர்லேர்ந்து கல்லணைக்கு மூணு நாலு நாளு, கல்லணையிலேர்ந்து நம்ம மடைக்கு ஒரு வாரத்துக்கு மேல." விரல்விட்டு எண்ணிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு கையும் பத்தல.

குளிர் ஏறினதும் எறங்கிட்டோம். திரும்புனது திம்பம் வழி, பகல்ல.

குடகுமிளகு:

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன் அம்மா. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மஞ்சபோர்டு:

சந்தோசம் தங்கச்சி. வண்டிய விட்டப்பறம் முன்பணம் முழுசா வந்துதா? ஃபாஸ்டேக் கணக்கு?

கடைமடைப்பொண்ணு:

வந்துதுண்ணே. பின்பக்க பம்பர்ல ஒரு கீறலக் காட்டி 4,000 கழிப்போம்னாங்க. எடுத்த அன்னிக்கு எடுத்த வீடியோவுல அந்தக் கீறல் இருந்துது, காட்டினதும் விட்டுட்டாங்க. டோல் பட்டியல் மறுநாள் மெயில்ல வந்துது. ஒரு சாவடியில ரெண்டுதடவ பிடிச்சிருந்தத எழுதிக் கேட்டேன், அதுவும் திரும்ப வந்துட்டு.

நடவுகாரன்:

அப்பா என்ன பண்றாரு இப்ப?

கடைமடைப்பொண்ணு:

உளுந்து வயல்ல இருக்காரு. பேப்பர்ல மேட்டூர் கட்டத்துக்குக் கீழ பாகமண்டலத்து மழை அளவையும் போடலாமேன்னு நேத்து ஆசிரியருக்குக் கடுதாசி எழுதியிருக்காரு. தபால்பெட்டியில போட்டது நான்தான்.